கூட்டலும் கழித்தலும்

வெங்காயம் நிறுக்கிற மேடைத் தராசை
ஒரு பின்னேரத்துக்கு இரவல் கேட்டேன்.
தாவடிச் சந்தியில் சபாநேசன் முதலாளி
என்னத்தை நிறுக்க எண்டார்.
பைப் என்றேன்.
சிரித்தபடி லாண்ட்மாஸ்ரரில் ஏற்றி அனுப்பினார்.

ஸ்ரார்லெட் எழுநூற்று இருபது கிலோ,
கையேடு சொல்லுகிறபடி.
எஞ்சின் ஆயிரத்து முந்நூறு சீசீ.
கிரவல் ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும்
இரண்டாம் கியரில் வந்து நின்று
கடன் கேட்கும்.

குருநகரில் கடலுக்கு முதுகு காட்டிய பட்டறை.
ஜெறோமுக்கு றோல் கேஜ் என்று வாய் வராது.
கூடு என்பான்.
'இந்தக் கூட்டுக்கு ஒரு கூடு'
என் நெஞ்சில் தட்டிச் சொல்லிவிட்டு
மூன்று துண்டுப் பைப்பை மேசையில் உருட்டினான்.

முதலாவது குரோமொலி.
சுண்டினால் நெடுநேரம் முனகுகிறது.
முழுக் கூடும் இருபத்தொரு கிலோதான்.
விலையைக் கேட்டு
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல்
திரும்ப மேசையில் வைத்தேன்.

இரண்டாவது தையலில்லாத உருக்கு.
விட்டம் முப்பத்தெட்டு மில்லிமீற்றர், சுவர் இரண்டரை.
பதினைந்தரை மீற்றர் வேண்டும்.
வெங்காயத் தோல் இன்னும் ஒட்டியிருந்த தராசு
முப்பத்து நாலு என்றது.

மூன்றாவது தண்ணீர் பைப்.
போன ஆவணியில் உருண்ட சிவிக்கில் இருந்ததும் இதுதான்.
கூரை இறங்கி சீற்றில் முட்டி நின்றது.
வாகீசன் கண்ணாடி வழியே ஊர்ந்து வந்து
முதலில் தேடியது செருப்பை.
பிறகு ஆறு மாதம்
வலது தோள் அவன் சொல்லைக் கேட்கவில்லை.
ஜெறோமே அந்தத் துண்டைக் காலால் தள்ளிவிட்டான்.

அன்றிரவு கழித்தல்.
பின் சீற் பன்னிரண்டு.
கார்ப்பெற்றும் அடியில் ஒட்டிய தாரும் ஐந்து.
ஏசி பதினொன்று
(சித்திரை வெயிலுக்கு இது என் கையொப்பம்).
ஸ்பீக்கர் இரண்டும் ஒன்றேகால்.
சாம்பல் கிண்ணம், அதையும் எழுதினேன்,
நூற்றெண்பது கிராம்.
இன்னும் நாலரை மிச்சம்.
நிலைக்கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்தேன்.
அது எந்த ஸ்பானருக்கும் கழலாது.

கதவுக் குறுக்குக் கம்பி இந்தக் கணக்கில் இல்லை.
பக்கத்துக்கு நாலேமுக்கால்.
ஒரு பக்கம் போட்டால் காணாதோ என்றேன்.
என் பக்கம் என்று சொல்லவில்லை.
சொல்லத் தேவையும் இருக்கவில்லை.
அமலி கச்சேரியில் காணிக் கிளைக்காரி,
எல்லைத் தகராறு கேட்டே பழகினவள்.
இடது சீற்றிலிருந்து எனக்கு வளைவுகளை வாசிப்பவள்.
தாளிலிருந்து கண் எடுக்காமல் கேட்டாள்:
'எந்தப் பக்கம் நிப்பன் எண்டு
மரம் உன்னட்டச் சொல்லி விட்டதோ?'

நாற்பத்து மூன்றரை.

ஜெறோம் பைப்பை வளைக்க அண்டை கொடுப்பது
ஒரு முழத் தண்டவாளம்.
எந்தப் பங்கரின் கூரையிலிருந்து வந்ததென்று
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
தலைக்கு மேல் எவ்வளவு இரும்பு போதும் என்ற கணக்கை
இந்த ஊர் எனக்கு முன்பே போட்டிருக்கிறது.
அப்போது தராசு இருக்கவில்லை.

நாவற்குழி வெட்டையில் முதல் ஓட்டம்.
புறப்பட ஒரு மூச்சுப் பிந்துகிறது, உண்மைதான்.
வளைவில் மட்டும்
முன்பு நாலு திசைக்கும் முனகிய தகரம்
ஒரே பேச்சாய் நின்றது.
அமலி அடுத்த வரியை வாசித்தாள்.
குரல் ஒரு கிராமும் கூடவில்லை.

தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
எவ்வளவு வந்தது எண்டார் முதலாளி.
சொன்னேன்.
விரல் மடித்துப் பார்த்தார்.
'வெங்காயமெண்டா ரெண்டு கிழமையில
காய்ஞ்சு குறையும்.
இது குறையாதே தம்பி.'

குறையாது என்றேன்.
அதுக்குத்தான்.